கதவைக் கடைசியில் மூடு

ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்த கல், சோடாவின் மனைவியுடைய காதைப் பாதி கிழித்துவிட்டது. அவள் அப்போது படுக்கையிலிருந்து எழுந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த போர்வையாலேயே காதைப் பொத்திக்கொண்டு அவள் வாசலுக்கு ஓடி வந்தபோது தெருவில் யாரும் இல்லை. வெளிச்சுவரில் மட்டும் சிவப்புப் பெயிண்டில் மூன்று சீன எழுத்துகள், ஆள் உயரத்துக்கு, இன்னும் ஈரமாக வழிந்துகொண்டிருந்தன.

வாண்டுவும் அவளுடைய அண்ணியும் போய்ச் சேர்வதற்குள் தெருவே அங்கே கூடிவிட்டது. வாண்டுவுக்கு முப்பது வயது நெருங்குகிறது. ஆனாலும் செருப்புப் பட்டறையில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய அண்ணன் வைத்த பெயர் அது. அவனும் அதே பட்டறைதான். கூட்டத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

சோடா படியில் உட்கார்ந்து மனைவியின் தலையை மடியில் வைத்திருந்தான். அவனுக்குச் சோடா என்ற பட்டப்பெயரை வாங்கித்தந்த தடித்த கண்ணாடியில் ரத்தப் பொட்டுகள். போன மாதம்தான் பட்டறையின் புது பிரஸ் மெஷினில் அவனுடைய வலக்கையின் இரண்டு விரல்கள் போயின. கட்டு இன்னும் பிரிக்கவில்லை. அந்த பிரஸ்ஸைப் பொருத்தவென்று மெஷினோடு வந்தவன் சீன ஃபிட்டர். மெஷின் சரியில்லாததால்தான் விரல் போனது என்று சோடா முதலாளியிடம் முறையிட்டிருந்தான். அவனைச் சந்தேகப்படத் தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"வாண்டு வந்துட்டா! இவதான் அந்தப் பாஷை படிச்சவ. வாசிக்கச் சொல்லுங்க" என்றது ஒரு குரல்.

சோடாவின் தம்பி முன்னால் வந்தான். லாரி ஓட்டுபவன். கையில் வீல் ஸ்பேனர். "என்னம்மா எழுதியிருக்கான்? ஒளிக்காம சொல்லு."

அவள் யோசிக்கவில்லை. பட்டறையில் பழகிய வேகத்தில் வாசித்துவிட்டாள். "திரும்பி வராதே."

"பார்த்தீங்களா? வேலைக்குத் திரும்பி வராதேன்றான். புகார் குடுத்த எங்க அண்ணனையே மிரட்டறான்!"

கூட்டம் ஒரே ஆளாக உறுமியது. யாரோ வேலியிலிருந்து இரும்புக் குழாயைப் பிடுங்கினார்கள். சலவைக் கடை மாடியில்தானே இருக்கிறான், இன்றைக்கு அவன் தோலை உரித்துக் காயப் போடுவோம் என்று ஒருவன் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். செருப்புகள் தடதடக்கத் தெரு காலியானது.

வாசித்த பிறகுதான் வாண்டு எழுத்தைப் பார்த்தாள்.

நடு எழுத்து. பெரிய கட்டத்துக்குள் ஒரு சின்னக் கட்டம். 'திரும்பு' என்பது அதுதான். பிரஸ்ஸின் தலை மேலே திரும்பிப் போவதற்கான பட்டனில் தினமும் அவள் விரல் படும் எழுத்து.

மெஷினின் திரை முழுவதும் சீனம். பழுது என்றால் சிவப்பில் ஏதோ மின்னும். அதை ஃபிட்டரின் போனில் விரலால் வரைந்தால் போன் அர்த்தம் சொல்லும். ஆனால் அந்தப் போன் ரொம்பக் கறார். கோடுகளை வரிசைப்படி போடாவிட்டால் வேறு எதையாவது காட்டும். ஒருமுறை சோடா எண்ணெய் என்று வரைந்ததற்குத் தாத்தா என்று வந்தது. "எண்ணெய் கேட்டா தாத்தா வர்றாருய்யா, அவரையே ஊத்திடவா?" என்று அவன் கேட்டதில் பட்டறையே உருண்டு சிரித்தது. அதன் பிறகுதான் ஷிஃப்ட் முடிந்ததும் சாப்பாட்டு அறையில் வகுப்பு ஆரம்பமானது. வெட்டி மிஞ்சிய கறுப்பு ரப்பர் துண்டு, ஒரு பிரஷ், ஒரு டம்ளர் தண்ணீர். எழுதினால் பளபளக்கும், காய்ந்தால் மறுபடியும் எழுதலாம்.

"மேலே இருந்து கீழே. இடது இருந்து வலது" என்பான் ஃபிட்டர், தனக்குத் தெரிந்த தமிழில். "கட்டம் வந்தா, முதல்ல ஆள் உள்ளே போகணும். கடைசிலே கதவு மூடணும்."

அண்ணனுக்கு மட்டும் அது வரவில்லை. பட்டறையில் அவன் வேலை ரப்பர் ஷீட்டில் சாக்பீஸால் வெட்டுக்கோடு போடுவது. கையை எடுத்தால் கோடு பிசகும், பிசகினால் சோல் வீண். அதனால் ஒரே இழுப்பு. இடப்பக்கம் இறங்கி, அடியில் ஓடி, வலப்பக்கம் மேலே ஏறி, உச்சியில் வந்து முடியும். அத்தனை வருஷமும் அவன் கை அந்த வழியில்தான் போயிருக்கிறது. வகுப்பிலும் முதலில் கட்டத்தை அப்படிச் சுற்றி மூடிவிட்டுத்தான் உள்ளே இருப்பதைப் போடுவான்.

"அண்ணா, கதவு பூட்டியாச்சு. ஆள் வெளியே. மழை வருது" என்று ஃபிட்டர் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள்.

"உள்ளே இருக்கறவன் எந்த வழியா வந்தான்னு போலீஸ் விசாரணையா நடக்குது? கட்டம் கட்டமா இருக்கில்ல, அது போதும்" என்றான் அண்ணன். அவன் சிரிக்கவில்லை.

இப்போது சுவரில் பெரிய கட்டத்தின் கீழ் இடது மூலையில் ஒட்டு இல்லை. பிரஷ் எடுக்காமல் திரும்பியிருந்தது. வலப்பக்கக் கோடு அடியில் தடித்து, மேலே போகப் போகப் பெயிண்ட் தீர்ந்து, மயிர் மயிராக இழுபட்டிருந்தது. கீழிருந்து மேலே ஏறிய கோடு. ஃபிட்டர் செத்தாலும் அப்படி ஒரு கோடு இழுக்கமாட்டான்.

கூட்டத்தின் பின்னாலேயே போகப் பார்த்த அண்ணனின் சட்டையை அவள் பிடித்து இழுத்தாள்.

"அண்ணா. கதவை முதல்லயே பூட்டிட்டே."

அவன் முகம் ஒரு கணம் சின்னப் பையனுடையது போல் ஆனது. அடுத்த கணம் அவளைக் கழுத்தோடு அள்ளி, இரண்டு வீடுகளுக்கு நடுவே இருந்த சந்துக்குள் தள்ளி, சுவரோடு சேர்த்து அழுத்தினான். கட்டைவிரல் அவள் தொண்டைக் குழியில் இறங்கியது.

"இன்னொரு தடவை அந்த வார்த்தை உன் வாயில வந்தது…"

"அவங்க கையில… ஸ்பேனர் இருக்குண்ணா…"

"ரெண்டு தட்டு தட்டுவாங்க. பெட்டியைத் தூக்கிட்டு ஓடுவான். அதுக்குத்தான் பண்ணேன். கல்லு ஜன்னலுக்குத்தான் எறிஞ்சேன். அவ அங்க நிப்பான்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

"காது தொங்குதுண்ணா அவங்களுக்கு."

"தெரியும்! பார்த்தேன்!" பிடி தளரவில்லை. "உன்னை எவனோ ஒருத்தன் கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போவான், நான் கையாட்டிட்டு நிக்கணுமா? அப்பா செத்த அன்னிக்கு உன்னைத் தோள்ல தூக்கினவன்டி நான்."

அது பொய்யில்லை. பள்ளியில் அவளைச் சேர்க்க அப்பா இடத்தில் கையெழுத்துப் போட்டவன் அவன்தான். ஃபிட்டரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று போன வாரம் அவள் சொன்னபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அவள் முகத்தில் வீசியவனும் அவன்தான். உதட்டில் அந்தப் பொருக்கு இன்னும் உதிரவில்லை.

அவன் அவளை உதறினான். பின்தலை சுவரில் மோதி அவளுக்குக் கண் இருண்டது. தெளிந்தபோது அவன் போய்விட்டிருந்தான். சந்தின் வாயில் அண்ணி நின்றிருந்தாள்.

"நீ ஒண்ணும் பார்க்கல. நான் ஒண்ணும் கேக்கல. வீட்டுக்கு வா" என்றாள் அண்ணி.

"கொன்னுடுவாங்க அண்ணி அவரை."

"நீ வாயைத் திறந்தா உன் அண்ணனைக் கொல்லுவாங்க. அது தெரியலயா உனக்கு?"

"தெரியுது."

"தெரிஞ்சா வா."

வாண்டு அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

சலவைக் கடைக்குப் பக்கவாட்டில் மாடிக்கு இரும்புப் படிகள். அவள் தெருமுனை திரும்பியபோது அந்தப் படிகள் வழியே ஃபிட்டரைத் தலைமயிரைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு படியிலும் அவன் முகம் மோதி டங் டங் என்று சத்தம் வந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவனை இழுத்திருக்கிறார்கள். வாயோரத்து நுரை ரத்தத்தில் இளஞ்சிவப்பாகியிருந்தது. கீழே போட்டதும் குழாய் வைத்திருந்தவன் விலாவில் அடித்தான். பச்சை மரம் முறிவது போல ஏதோ முறிந்தது. ஃபிட்டர் தன் பாஷையில் ஏதோ கேட்டான். பிறகு தமிழில் கேட்டான்: "ஏன்? ஏன்?"

"எழுதின கை எது? இதுதானே?"

லாரிக்காரன் அவன் வலது மணிக்கட்டைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரை இறக்கினான். விரல்கள் சிதறிய சத்தத்துக்குப் பிறகு ஃபிட்டரின் அலறல் வந்தது. மறுபடியும் இறக்கினான். பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் போகவில்லை.

வாண்டு எப்படி நடுவில் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவன்மேல் குப்புற விழுந்தாள். அவனுக்கென்று வந்த உதைகளில் இரண்டு மூன்று அவள் இடுப்பில் விழுந்தன.

"போ வாண்டு. அடி படும். போ" என்றான் அவன் அவளுடைய காதுக்குள். பேசப் பேச ரத்தம் அவள் கன்னத்தில் தெறித்தது.

"ஏம்மா, நகரு. உன்மேல எங்களுக்குக் கோபம் இல்ல" என்றான் லாரிக்காரன்.

"அவர் எழுதல."

"வாசிச்சவ நீதானே?"

"வாசிச்சது நான்தான். எழுதினது இவர் இல்ல."

"அப்போ யாரு? இந்த ஊர்ல சீனம் எழுதறவன் வேற எவன் இருக்கான்? பேரைச் சொல்லு. பேர் இல்லன்னா நகரு. இல்ல, ரெண்டு பேருக்கும் சேர்த்து விழும்."

கால்களுக்கு நடுவே அவளுக்கு அண்ணன் தெரிந்தான். மூன்றாவது வரிசையில், ஒருவனின் தோளுக்குப் பின்னால். அவன் அவளைத்தான் பார்த்தான். மெதுவாகத் தலையை ஆட்டினான். மிரட்டல் இல்லை அதில், கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. ஸ்பேனர் உயர்ந்தது. அவளுக்குக் கீழே ஃபிட்டரின் நெஞ்சு விட்டுவிட்டுத் துடித்தது.

"எங்க அண்ணன்" என்றாள் வாண்டு.

எல்லாத் தலைகளும் திரும்பின. அண்ணன் சிரித்தான். நன்றாகவே சிரித்தான்.

"கேட்டீங்களா கதையை? கட்டிக்கப் போறவனைக் காப்பாத்த, கூடப் பொறந்தவனைப் பலி குடுக்கறா. ஏண்டி, உனக்கு ஊட்டி வளர்த்ததுக்கு இதுதான் கூலியா?"

கூட்டம் அவள்மேல் காறித் துப்பியது. ஆனால் லாரிக்காரன் கொஞ்சம் யோசிப்பவன். சாக்கடையில் கிடந்ததென்று யாரோ தூக்கி வந்திருந்த பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் அவன் அண்ணன் முன்னால் வைத்தான்.

"நீயும் அந்த வகுப்புக்குப் போனவன்தானே அண்ணே? அந்த நடு எழுத்தை எழுது, கட்டத்துக்குள்ள கட்டம், அது ஒண்ணுதான் எனக்கு அடையாளம் தெரியுது. அவ என்ன சொல்றான்னு பார்ப்போம்."

அண்ணன் பிரஷ்ஷை வாங்கினான். சலவைக் கடையின் ஷட்டருக்கு முன்னால் நின்றான். இடப்பக்கம் ஒரு கோடு, மேலிருந்து கீழே. கையை எடுத்தான். உச்சியில் ஓடி, திரும்பி, வலப்பக்கம் இறங்கினான். கையை எடுத்தான். உள்ளே சின்னக் கட்டத்தை ஒவ்வொரு கோடாக எடுத்து எடுத்துப் போட்டான். கடைசியில் பெரிய கட்டத்தின் அடியை இழுத்து மூடினான்.

"இதுல என்ன தப்பு? சொல்லு" என்றான் லாரிக்காரன் அவளிடம்.

வாண்டு பார்த்தாள். பாடப் புத்தகத்தில் அச்சிட்டது போல இருந்தது. அத்தனை நாளும் அவனுக்குத் தெரிந்தேயிருந்திருக்கிறது. ஃபிட்டர் சொல்லிக்கொடுத்தான் என்பதற்காகவே அதை எழுதாமல் இருந்திருக்கிறான்.

"இதுல… தப்பு இல்ல" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அவ்வளவுதான். இழுத்துப் போடுங்கடா இவளை."

இரண்டு பேர் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தார்கள். மூன்றாமவன் மயிரைப் பிடித்தான். ஃபிட்டரின் தலை தரையில் தனியாகக் கிடந்தது. லாரிக்காரன் அதற்கு நேராகக் காலை அகட்டி வைத்து நின்றான்.

"நில்லுடா."

சோடாவின் குரல். மனைவியை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வாண்டு அண்ணனைக் காட்டியபோதே வந்து பின்னால் நின்றிருந்தான். சட்டை முழுக்க அவளுடைய ரத்தம். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஷட்டரிடம் போய், தடித்த கண்ணாடியை எழுத்தோடு ஒட்டுகிற மாதிரி வைத்துப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான்.

"வகுப்புல உன் பக்கத்துலதானே உக்காந்தேன் நான்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், கையை எடுத்து எழுதினியா நீ? ஒரே இழுப்புல சுத்திட்டு, 'இது போதும்'னு எழுந்து போறவன்தானே?"

"இன்னிக்கு… ஒழுங்கா எழுதினேன். அது ஒரு குத்தமா?"

"சுவத்துலயும் அதே ஒரே இழுப்புதான். அதுல என்ன தப்புன்னு இவ இங்க யார்கிட்டயும் சொல்லலயே. எதைத் திருத்தணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அண்ணனின் கண்கள் தன்னையறியாமல் தங்கையிடம் ஓடின. அதைக் கூட்டம் முழுவதும் பார்த்தது.

முதல் அடி சோடாவுடையது. கட்டுப் போட்ட கையாலேயே அடித்தான். "என் பொண்டாட்டி உனக்கு என்னடா பண்ணா? உன் வீட்ல அவ குழம்பு வாங்கித் தின்னதில்லையா? என்னடா பண்ணா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. தையல் பிரிந்து அவனுடைய கட்டே சிவந்தது. பிறகு அவனைத் தள்ளிவிட்டுக் கூட்டம் புகுந்தது. தப்பான ஆளை அடித்துவிட்ட வெட்கமும் சேர்ந்துகொண்டதால் இந்த முறை இன்னும் மூர்க்கமாக அடித்தார்கள். குழாய் அண்ணனின் முழங்காலில் விழுந்தது. அவன் மடங்கினான். யாருடைய பூட்ஸோ வாயில் பட்டு, பற்கள் ஷட்டரில் தெறித்தன. அவன் கையைத் தூக்கி முகத்தை மறைத்தான். கையை அடித்தார்கள்.

ஃபிட்டரை அப்படியே விட்டுவிட்டு வாண்டு அண்ணன்மேல் விழுந்தாள்.

"நீதானே சொன்னே! இப்போ எதுக்கு வர்றே?" என்று கத்தினான் லாரிக்காரன்.

"சொன்னேன்! அடிக்கச் சொல்லல! கொல்லச் சொல்லல!"

ஸ்பேனர் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய தோள்பட்டை எலும்பு முறிந்தபோது அவளுக்குக் கேட்டது தன் அலறல் அல்ல. கீழிருந்து, உடைந்த வாயால், அண்ணன் அவள் பெயரைச் சொல்லி அலறியதுதான்.

அதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. முன் சீட்டில் அண்ணி இருந்தாள். யாரைக் காப்பாற்றவென்று அவள் ஸ்டேஷனுக்கு ஓடினாள் என்பதை அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

மூன்று பேரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வார்டில் இடம் இல்லாததால் இரண்டு ஆண்களையும் எதிரெதிர்க் கட்டிலில் போட்டார்கள். ஃபிட்டரின் கை தலையணை அளவு கட்டோடு ஒரு கம்பியில் தொங்கியது. மூன்று விரல்களைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர், மற்றதைப் பற்றிப் பேசவில்லை. அண்ணன் காலில் மாவுக்கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

மறுநாள் காலை ஏட்டு வந்தார். தோளில் பட்டைக் கட்டோடு நின்றிருந்த வாண்டுவை நடைபாதைக்குக் கூப்பிடப் பார்த்தார். அண்ணி அவரை முந்திக்கொண்டு அவளை ஜன்னல் பக்கம் இழுத்தாள். ராத்திரி முழுக்க அழுத முகம்.

"நீ சொல்லலன்னா நான் சொல்லியிருப்பேன்னு நினைச்சுக்காதே. நான் சொல்லியிருக்கமாட்டேன். எவன் செத்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்."

"தெரியும் அண்ணி."

"கூட்டத்துல பயத்துல கத்திட்டேன், யாருன்னு தெரியாதுன்னு சொல்லு. உன் காலைப் பிடிக்கிறேன். ஜெயிலுக்குப் போயிடுவார்டி."

வாண்டு எதிர்க் கட்டிலைப் பார்த்தாள். ஃபிட்டர் விழித்திருந்தான். அவளிடம் எதையும் கேட்கவில்லை. ஏன் என்ற ஒரே கேள்விக்கு அவனுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அவள் வெளியே போகவில்லை. அண்ணனுக்கும் கேட்கும்படி, இரண்டு கட்டில்களுக்கும் நடுவே நின்று, ஏட்டிடம் சொன்னாள். கல்லை எறிந்தது யார், சுவரில் எழுதியது யார், எதற்காக என்று சொன்னாள். சந்தில் தன் கழுத்தைப் பிடித்ததையும் சொன்னாள். ஃபிட்டரின் விரலை உடைத்த லாரிக்காரன், விலாவை உடைத்தவன், அண்ணனின் பல்லை உடைத்தவன், அடித்த சோடா, ஒருவரையும் விடவில்லை. நேற்றுக் கத்தியதைவிட இது கடினமாக இருந்தது. நேற்று ஸ்பேனர் இருந்தது. இன்றைக்கு யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

ஏட்டு எழுதி முடித்துவிட்டு அண்ணனின் கட்டிலைத் தட்டினார். "என்னய்யா, உங்க தங்கச்சி சொல்றது உண்மையா?"

அண்ணன் சுவரிலிருந்து தலையைத் திருப்பாமலே, வீங்கிய உதட்டால், "உண்மைதான்" என்றான்.

ஏட்டு போனார். வார்டில் எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. அண்ணன் தன் மனைவியைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

"அவ நேத்துலருந்து ஏதாவது தின்னாளான்னு கேளு."

"நீங்களே கேளுங்க. எனக்கு அவகூடப் பேச்சு இல்ல" என்றாள் அண்ணி.

"எனக்கும் இல்ல."

இருவரும் கேட்கவில்லை. வாண்டு எதிர்க் கட்டிலுக்குப் போய், கட்டுப் போடாத தோள் அவன் பக்கம் வருகிற மாதிரி ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, ஃபிட்டருக்குப் புரிகிற தமிழில், நேற்று நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.